குட்டி யானை எவ்வளவு சுமக்கும்? பாரம் ஏத்துறவங்களுக்கான கேள்வி பதில்

நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டுற பட்டறையில ஆரம்பிச்சு, அப்புறம் குட்டி யானைன்னு சொல்ற டாடா ஏஸ், பிக்கப் மாதிரி சின்ன சரக்கு வண்டிகளோட அச்சு, பிரேக், ஸ்பிரிங் வேலைன்னு 26 வருஷம் ஓடிப்போச்சு. இன்னைக்கு பாரம் பத்தி மட்டும் கேளுங்க. மைலேஜ், ஃபைனான்ஸ், எந்த கலர் ராசி, இதுக்கெல்லாம் வேற ஆளு இருக்காங்க.

ஈரோடு, மஞ்சள் மண்டி: அண்ணா, பிக்கப் விளம்பரத்துல 1.3 டன் ஏத்தலாம்னு இருக்கு. டீலரும் அதையேதான் சொன்னார். ஆர்.சி.யைப் பாத்தா அந்த நம்பரையே காணோம். எதை நம்புறது?

ஆர்.சி.ல அந்த நம்பர் நேரா இருக்காதுங்க. அங்க ரெண்டு எடை இருக்கும். ஒண்ணு வெற்று எடை, இன்னொண்ணு வண்டி, ஆளு, சரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடை. ரெண்டாவதுல முதலாவதைக் கழிச்சா வர்றதுதான் விளம்பரத்துல போடுற டன்.

ஆனா அது முழுக்க சரக்குக்கு இல்ல. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல வெற்று எடைன்னா டிரைவரும் உதவியாளும் இல்லாத எடை. அப்போ நீங்க சீட்டுல ஏறி உக்காந்ததுமே சரக்குல கை வெச்சாச்சு.

கணக்குப் போட்டுக் காட்டறேன். மொத்த எடை 2,900, வெற்று எடை 1,600, மிச்சம் 1,300 கிலோன்னு வெச்சுக்குங்க. டிரைவர், கிளீனர் ரெண்டு பேரும் 140. வாங்கினப்புறம் கட்டின இரும்புக் கூண்டு 120. தார்பாய், கயிறு, ரெண்டாவது ஸ்டெப்னி, ஜாக்கி, சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்ச பெரிய ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு 50. மீதி 990. 50 கிலோ மூட்டை 26 ஏறும்னு நினைச்சுட்டு இருந்தீங்க, ஏறுறது 19 தான். யாரும் உங்களை ஏமாத்தல, கழிக்க வேண்டியதை யாரும் எடுத்துச் சொல்லல, அவ்வளவுதான்.

வண்டியைக் கூண்டோட, டேங்க் ஃபுல்லா, நீங்க உள்ள உக்காந்து ஒரு தடவை எடை மேடையில ஏத்துங்க. அங்க குடுக்கற எடைச் சீட்டை ஆர்.சி. கவர்லயே வெச்சுக்குங்க. இன்னைக்கு நான் எத்தனை தடவை "எடை மேடை"ன்னு சொல்லப் போறேனோ தெரியல.

திருவண்ணாமலை: குட்டி யானையில எம்சாண்ட் அடிக்கறேன். தொட்டி நிரம்பினா சரியான லோடுதானே?

இல்ல. தொட்டி நிரம்புறதுக்கும் எடை நிரம்புறதுக்கும் சம்பந்தமே கிடையாது. குட்டி யானைத் தொட்டி நீளம் 2.2 மீட்டர், அகலம் ஒண்ணரை மீட்டர், பக்கப் பலகை ஒரு அடி. கிட்டத்தட்ட 35 கன அடி வரும். யூனிட்டுங்கறது 100 கன அடி, எம்சாண்ட் யூனிட்டுக்கு சுமார் நாலரை டன். அப்போ பலகை மட்டத்துக்கு நிரவினாலே ஒண்ணரை டன் தாண்டிடும். உங்க வண்டிக்கு மாடலைப் பொறுத்து கூடக் குறைய இருக்கும், பெரும்பாலும் 750 கிலோ பக்கம்தான். பாதித் தொட்டிதான் உங்க லோடு. ஈர மணல்னா அதுவும் இல்ல.

பஞ்சு, தெர்மாகோல், காலி அட்டைப்பெட்டி ஏத்துறவங்களுக்கு இது தலைகீழ். எடை வராது, உயரம் வரும், காத்துக்கு வண்டி ஆடும். அது வேற தலைவலி.

மதுரை: பர்மிட் வேணுமாண்ணே? கார் லைசென்ஸ் போதுமா?

மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டாம். லைசென்ஸ் விஷயத்துல 7,500 கிலோ வரை இலகு ரக லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதுக்கு மேல ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க, நான் பிரேக் ஆளு.

கோவை, ஐ.டி.: ஃபோர்டு எஃப்-150 நாலரை டன் டிரெய்லரை அசால்ட்டா இழுக்குது, வீடியோவுல பாத்தேன். நம்ம ஊர் பிக்கப் ஒண்ணரை டன்னுக்கே மூச்சு வாங்குது. நம்மளது அவ்வளவு மட்டமா?

இதுக்கு உக்காந்து பதில் சொல்லணும். சுமக்கறது வேற, இழுக்கறது வேற. மாட்டு முதுகுல நாலு மூட்டை வெச்சா படுத்துடும், அதே மாடு வண்டியில இருபது மூட்டை இழுக்கும். நீங்க பாத்தது இழுக்கற நம்பர். அந்த அமெரிக்க வண்டியோட சுமக்கற நம்பர் டிரைவர் கதவைத் திறந்தா நிலைப் பக்கம் ஒட்டியிருக்கற சீட்டுல இருக்கும், "ஆளும் சரக்கும் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது"ன்னு. நாலு கதவு வண்டியில பல சமயம் அது 1,500 பவுண்டு பக்கம்தான், அதாவது 680 கிலோ. நம்ம குட்டி யானையே அதுக்குக் கொஞ்சம் மேல!

இன்னொரு சங்கதி. டிரெய்லர் எடை முழுக்க அதோட சக்கரத்து மேல நிக்காது. பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி வழியா இழுக்கற வண்டி முதுகுல உக்காரும். அவ்வளவு உக்காரலைன்னா டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். 4,500 கிலோ டிரெய்லர்னா குறைஞ்சது 450 கிலோ. 680-ல அது போனா 230. குடும்பத்துல நாலு பேர் ஏறினா அதுவும் தீந்துடும், கூலர் பெட்டி வீட்டுலதான். இழுக்கற நம்பரைத் தொடறதுக்கு முன்னாலயே சுமக்கற நம்பர் முட்டி நிக்கும். அங்கயும் ஜனங்க இதுலதான் ஏமாறுறாங்க.

அந்த இழுக்கற நம்பரும் சும்மா வரல. ஒரு காலத்துல அங்க ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நம்பர் போட்டுட்டு இருந்துச்சு. அப்புறம் ஜே2807னு ஒரு பொது முறை வந்துச்சு. அரிசோனாவுல டேவிஸ் டேம்னு ஒரு மேடு, 18 கிலோமீட்டர் ஏத்தம். 38 டிகிரி வெயில்ல, ஏ.சி.யை முழுசா வெச்சு, 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழ போகாம டிரெய்லரோட ஏறணும். அதுலயும் வண்டிக்குள்ள ரெண்டே ஆளு, ஆளுக்கு 68 கிலோன்னுதான் கணக்கு. நம்ம ஊர்ல கேபின்ல மூணு பேர், பின்னாடி ஆறு பேர்.

தேனி: என் வண்டி எவ்வளவு ஏத்தும்?

முதல் பதில்.

கடலூர், சென்ட்ரிங் வேலை: அண்ணா, கலவை மெஷினைப் பிக்கப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போறோம். 20 கிலோமீட்டர்தான். எல்லாரும் பண்றாங்க.

பண்றாங்க, பாத்துட்டுத்தான் இருக்கேன். பின்னாடி இருக்கற வளையம் சேத்துல மாட்டினா வெளிய எடுக்கறதுக்கு, ரோட்டுல ஓடறதுக்கு இல்ல. கலவை மெஷினுக்கு பிரேக் கிடையாது, பின் லைட் கிடையாது, சக்கரம் சைட்டுக்குள்ள தள்ளுறதுக்குச் செஞ்சது. நீங்க பிரேக் அடிக்கறப்போ அது அடிக்காது, அதோட எடை முழுக்க உங்க பின் அச்சைப் பக்கவாட்டுல தள்ளும். வளைவுல அடிச்சுப் பாருங்க... வேண்டாம், அடிச்சுப் பாக்காதீங்க. சட்டத்துல டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு இல்லாம ரோட்டுக்கு வரக் கூடாது. மெஷினை இன்னொரு வண்டி மேல ஏத்திக் கட்டிக் கொண்டு போங்க.

சென்னை, தண்ணி சப்ளை: 1,000 லிட்டர் டேங்க் வெச்சா ஓவரா? பாதி ரொப்பிக்கிட்டா?

ஒரு லிட்டர் ஒரு கிலோ. குட்டி யானைக்கு 1,000 லிட்டர் ஓவர்தான். ஆனா பெரிய டேங்க்ல பாதித் தண்ணி அதை விட மோசம், திருப்பத்துல ஒரே பக்கமா ஓடி வண்டியைச் சாய்க்கும். உள்ள தடுப்புத் தகடு இருக்கற 500 லிட்டர் டேங்க் வாங்கி முழுசா ரொப்புங்க. இல்லைன்னா 20 லிட்டர் கேன், 30 கேனோட நிறுத்திக்குங்க.

விழுப்புரம்: புதுசா எதை வாங்கலாம், தோஸ்த்தா பொலேரோவா?

வழக்கமா ஏத்துற சரக்கை எடை போட்டுட்டு வாங்க. அதுக்கு முன்னாடி பேச ஒண்ணும் இல்ல.

திண்டுக்கல்: பூட்டு, இரும்பு லோடு. ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை சேத்துட்டேன், இப்ப ரெண்டு டன் வெச்சாலும் வண்டி பின்னாடி உக்காரல. இப்ப ரெண்டு டன் வண்டின்னு சொல்லலாமா?

சொல்லலாம், ஆர்.சி.யும் பிரேக்கும் ஒத்துக்காது. பட்டை சேத்தா வண்டி உக்காரறது நிக்கும், எடை எங்கயும் போகல. அதே டயர், அதே அச்சு, அதே பேரிங், அதே டிரம். முன்ன வண்டி உக்காந்து "போதும்டா"ன்னு சொல்லுச்சு. இப்ப அது வாயையும் கட்டிப் போட்டாச்சு.

சங்ககிரி, ஸ்பிரிங் பட்டறை: ஐயா மன்னிக்கணும். இருவது வருஷமா பட்டை சேத்துக் குடுக்கறேன். ஒரு வண்டி கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல. கம்பெனிக்காரன் வேணும்னே கம்மியா நம்பர் போடுறான், வாரண்டி பயம். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

வாங்க, தொழில்காரர் வந்துட்டீங்க. உங்க வேலையை நான் குறை சொல்லல. பட்டை உடைஞ்சு வராதுங்க, ஒத்துக்கறேன். வர்றது வேற இடத்துக்கு வரும், டயர்க் கடைக்கு, பிரேக் பட்டறைக்கு, சில சமயம் ஆஸ்பத்திரிக்கு.

நீங்க பாத்திருப்பீங்க, பல பிக்கப்புல பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவுல ஒரு கம்பியும் ஒரு வால்வும் இருக்கும். பாரம் ஏறினா சேஸ் இறங்கும், கம்பி வால்வைத் திருப்பும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நீங்க ரெண்டு பட்டை வெச்சதும் சேஸ் இறங்கறதில்ல. வால்வு வண்டி காலின்னே நினைச்சுக்கும். ரெண்டு டன் மேல இருக்கறப்போ பின் பிரேக் காலி வண்டிக்குப் பிடிக்கற மாதிரிப் பிடிக்கும். பட்டை சேத்தப்புறம் அந்தக் கம்பியை எத்தனை வண்டியில பாத்திருக்கீங்க? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க.

சங்ககிரி, ஸ்பிரிங் பட்டறை: அதை நான் தொடறதில்ல, அது பிரேக்காரர் வேலை. சமதளத்துல எங்க பிரேக் போகப் போகுது?

சமதளத்துலயே ஓடறவங்க யாரு? கொல்லிமலையில இருந்து அன்னாசியும் பலாவும் ஏத்திக்கிட்டு ஒரு பிக்கப்புல பக்கத்து சீட்டுல உக்காந்து இறங்கியிருக்கேன். பட்டை சேத்த வண்டி, ரெண்டரை டன் இருக்கும். 70 கொண்டை ஊசி. பாதி வளைவு தாண்டறதுக்குள்ள கருகின நெடி. அடுத்த வளைவுல பெடல் தரைக்குப் போயிடுச்சு. டிரைவர் புத்திசாலி, மொத கியருக்கு இறக்கி மலைப் பக்கக் கால்வாயில முன் சக்கரத்தை விட்டு நிறுத்தினான். கிளீனர் தண்ணி பாட்டிலைத் தூக்கிட்டு டிரம்மு மேல ஊத்த ஓடினான், நான் கத்தின கத்துல பாட்டிலைப் போட்டுட்டான். அந்தச் சூட்டுல தண்ணி பட்டா டிரம் விரிசல் விடும். ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருந்தோம், பசிக்குப் பலாச்சுளை.

மூணு டன் எடை ஆயிரம் மீட்டர் இறங்கினா, வர்ற சூட்டுல 100 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வரலாம். கியர்ல பிடிக்கலைன்னா அவ்வளவும் அந்த நாலு சக்கரத்துக்குள்ளதான் போகும்.

கரூர்: ஓவர்லோடு ஃபைன் எவ்வளவு? குறுக்க கேக்கறேன்.

20,000 ரூபாய், கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிக லோடை அங்கயே இறக்கற செலவும் உங்களோடது. எடை போட நிக்காம ஓடினா 40,000. ஓட்டினவர் மட்டும் இல்ல, ஓட்ட வெச்சவரும் மாட்டுவார்.

நாகர்கோவில்: என் வண்டி எவ்வளவு ஏத்தும் அண்ணே? 2017 மாடல்.

மேல போய் மொதல்ல இருந்து படிங்க தம்பி.

சங்ககிரி, ஸ்பிரிங் பட்டறை: மலைக்கதை சரி. ஆனா அச்சு தாங்கும்யா. நான் செஞ்ச வண்டி இப்பவும் பக்கத்துலயே நிக்குது, லோடோட.

அப்போ ஒரு காரியம் பண்ணுங்க. எடை மேடையில மொதல்ல முழு வண்டி. அப்புறம் முன் சக்கரத்தை வெளிய விட்டு, பின் சக்கரம் மட்டும் மேடையில. ரெண்டு சீட்டு. டயர்ப் பக்கச் சுவர்ல சைஸுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும், அதையும் எழுதிட்டு வாங்க. ஒரு மணி நேரம் இருக்கேன்.

பட்டுக்கோட்டை: தேங்காய் ஏத்துறப்போ பின்னாடி தள்ளி ஏத்தினா இறக்க சுலபம். தப்பா?

தப்பு. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால 200 கிலோ தொங்கினா, குட்டி யானை மாதிரி 2.1 மீட்டர் இடைவெளி இருக்கற வண்டியில முன் சக்கரத்துல 95 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, முன் டயர் ரோட்டைப் பிடிக்கலைன்னு அர்த்தம். கேபினை ஒட்டி ஆரம்பிச்சு அடுக்குங்க.

சங்ககிரி, ஸ்பிரிங் பட்டறை: சீட்டு வாங்கியாச்சு. மொத்தம் 4,180. பின்னாடி மட்டும் 3,010. டயர்ல 106/104னு இருக்கு. ஆர்.சி.ல மொத்த எடை 2,990.

106ன்னா ஒரு டயர் 950 கிலோ தாங்கும், அதுவும் முழுக் காத்து இருந்தா. பின்னாடி ரெண்டு டயரும் சேர்ந்து 1,900. அதுக்கு மேல 1,110 கிலோ நிக்குது. ஆர்.சி. கணக்குப்படி 1,190 அதிகம். முன் சக்கரத்துல 1,170தான், ஏத்தின சரக்கு கிட்டத்தட்ட எல்லாம் பின் அச்சு மேல.

சங்ககிரி, ஸ்பிரிங் பட்டறை: டயர் நம்பரை நான் இதுவரைக்கும் பாத்ததில்லைங்க.

பரவால்ல. அந்த வண்டியை இன்னைக்கு ராத்திரி எடுக்க வேண்டாம்னு ஓனருக்கு ஃபோன் பண்ணுங்க. காலையில லோடை ரெண்டாப் பிரிச்சு இறக்குங்க. அப்புறம் பின் சக்கரத்தைக் கழட்டி டிரம், லைனிங், அந்த வால்வுக் கம்பி மூணையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. கம்பி எந்தக் கோணத்துல நிக்குதுன்னு தெரியற மாதிரி, பக்கவாட்டுல இருந்து.