புத்தகம் படிக்கச் சம்பளம் தருவார்களா?

"என் மகள் டெல்லியில் ஸ்பானிஷ் எம்.ஏ. கடைசி வருடம். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க எந்த ஸ்பானிஷ் புத்தகம் தேறும், எது தேறாது என்று லண்டன் பதிப்பகங்களுக்குச் சொல்லும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். புத்தகம் படிக்க யாராவது சம்பளம் தருவார்களா?" – ஒரு தாய், திருச்சி.

தருவார்கள் அம்மா. ஆனால் மாதச் சம்பளம் கிடையாது, ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்ற கணக்குதான். அதை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லண்டன், நியூயார்க் எடிட்டர்கள் பலருக்கு ஸ்பானிஷ் வாசிக்கத் தெரியாது. பார்சிலோனாவிலிருந்தும் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸிலிருந்தும் புத்தகங்கள் வந்து குவியும். அக்டோபரில் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தை முடிந்தால் இன்னும் கூடும். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து அறிக்கை வாங்குவார்கள். அவர்தான் 'ரீடர்'. ஸ்பெயின் அரசின் ஏற்றுமதி அமைப்பான ஐசெக்ஸ் நடத்தும் 'நியூ ஸ்பானிஷ் புக்ஸ்' திட்டத்திலும் ரீடர் அறிக்கைகளுக்கு இடமுண்டு.

அறிக்கை சில பக்கங்கள்தான். கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். சஸ்பென்ஸ் வைத்தால் எடிட்டருக்கு எரிச்சல்தான் வரும். அப்புறம் நடை, யார் வாங்குவார்கள், மொழிபெயர்ப்பில் எங்கே இடிக்கும் என்பதெல்லாம் வர வேண்டும்.

இடிக்கும் இடத்தைப் பிடிப்பதில்தான் ஆளின் திறமை தெரியும். ஸ்பானிஷில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நாற்பது பக்கம் 'நீங்கள்' போட்டுப் பேசியவர் ஒரு சண்டையில் சட்டென்று 'நீ' என்கிறார் என்று வையுங்கள். நமக்குச் சுருக்கென்று தைக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'யூ'தான். நாவலே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது என்றால், அதற்கு மாற்று வழி உண்டா என்று ரீடர் சொல்ல வேண்டும். தமிழ் பேசி வளர்ந்த பெண்ணுக்கு இந்த மூக்கு பிறவியிலேயே உண்டு. இன்னொன்று, நாட்டுக்கு நாடு பேச்சு மாறும். அர்ஜென்டினாவில் 'தூ' இல்லை, 'வோஸ்'. ஸ்பெயின்காரர் பஸ் 'பிடிப்பதற்கு' வைத்திருக்கும் வினைச்சொல் அங்கே கெட்ட வார்த்தை. அர்த்தத்தை மகளிடம் கேட்டுவிடாதீர்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவர் பிடித்த நாவல் ஒன்றை எட்டு மாதம் உட்கார்ந்து முழுசாக மொழிபெயர்த்தார். பிறகுதான் அதை ஆங்கிலத்தில் வெளியிடும் உரிமை ஏற்கெனவே விற்றுப்போனது தெரிந்தது. பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கோ எழுத்தாளரின் ஏஜென்டுக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும். உரிமை இருக்கிறதா என்று கேட்ட பிறகு, மாதிரிக்குப் பத்துப் பக்கம் மொழிபெயர்த்தால் போதும்.

மானிய விவரமும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் கலாசார அமைச்சகமும் அர்ஜென்டினாவின் 'ப்ரோகிராமா சுர்' திட்டமும் மொழிபெயர்ப்புக்குப் பண உதவி தந்து வந்திருக்கின்றன. இந்த வருடம் அறிவிப்பு உண்டா என்று பார்த்து அறிக்கையில் ஒரு வரி சேர்த்தால், சின்னப் பதிப்பகம் நிமிர்ந்து உட்காரும்.

பின்னாளில் அவள் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகலாம். சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டை 2016 முதல் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதை நினைத்து இப்போதே கணக்குப் போட வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? டெல்லியிலேயே ஸ்பெயின் அரசின் மொழி, கலாசார மையமான செர்வாண்டிஸ் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான 'டெலே' தேர்வில் சி1 என்ற உயர்நிலை வரை எழுதட்டும். ஆங்கில நடையிலும் அதே அளவு உழைக்கட்டும், எடிட்டர் படிக்கப்போவது அவளுடைய ஆங்கிலத்தைத்தானே. படிப்பு முடிந்ததும் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஸ்பானிஷ் தெரிந்தவர்களை எடுக்கும் கம்பெனியில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு, இதை ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன், ஆங்கிலத்தில் இன்னும் வராத மூன்று புதிய புத்தகங்களை எடுத்து, மூன்று அறிக்கை எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்றிலும் 'அருமை' என்றே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.