ஹேவ்லாக்கில் ஒரு வீடு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 44 வயது. கோவையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு. மாமியாருக்கு 74 வயது, போன வருடம் ஸ்டென்ட் வைத்தோம். கடந்த பிப்ரவரியில், கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவில் ஒரு வங்காளிக் குடும்பம் நடத்தும் ஹோம்ஸ்டேயில் ஐந்து நாள். அங்கே தூங்கியதுபோல நான் எங்கும் தூங்கியதில்லை. திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது, மனசு இன்னும் வந்து சேரவில்லை. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அந்தமான் நில விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயே போய் நாலு அறையோடு ஒரு ஹோம்ஸ்டே நடத்த ஆசை. அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். பக்கத்து நீல் தீவில் பத்து சென்ட் இருக்கிறது, இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தால் நிறுத்தி வைக்கிறேன் என்கிறார் ஒரு புரோக்கர். நகையை அடகு வைத்தால் முடியும். கணவரிடம் ஆசையைச் சொன்னபோது, “தீர்ந்ததும் சொல்லு” என்று சிரித்தார். அதன் பிறகு அவரிடம் இதைப் பேசுவதில்லை. நான் கனவு காண்கிறேனா, ஓடிப்போகப் பார்க்கிறேனா?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதலில் அவசரமான விஷயம். அந்தப் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். மீதியை நிதானமாகப் பேசுவோம்.

அந்தமானில் நிலம் வாங்குவது சூலூர்ப் பக்கம் சைட் வாங்குவது மாதிரி இல்லை. அந்தமான் நிக்கோபார் மொத்தமும் சேர்த்து 8,249 சதுர கிலோமீட்டர். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் காடு. பழங்குடி மக்களுக்கென்று 1956ஆம் வருடச் சட்டப்படி ஒதுக்கிய பகுதிகளுக்குள் அனுமதி இல்லாமல் வெளியாள் காலே வைக்க முடியாது. மிச்சம் இருக்கும் கொஞ்ச நிலத்தில்தான் ஊர், வயல், தோப்பு எல்லாம். நீங்கள் தங்கிய ஹேவ்லாக்கிலும் சரி, நீல் தீவிலும் சரி, கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களுக்கு அரசு விவசாயத்துக்கென்று நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அப்படிக் கொடுத்த நிலத்தைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. நெல்லும் பாக்கும் போட்ட இடத்தில் நினைத்தபடி விடுதி கட்டவும் முடியாது, நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கடலை ஒட்டிக் கட்டுவதற்குக் கடலோர விதிகள் தனியாக இருக்கின்றன. போனிலேயே பேசி, இடத்தைக் காட்டாமல், காகிதத்தைக் காட்டாமல் முன்பணம் கேட்கிறவர் இதில் எதையாவது உங்களிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்கும் யோசனை கணவருக்குத் தெரியாமல் நடக்க இருந்தது என்று உங்கள் கடிதத்தின் இடுக்கில் தெரிகிறது. வேண்டாம் தங்கை. அவர் சிரித்தது தப்புதான். அந்தச் சிரிப்புக்கு இது பதில் ஆகாது.

இப்போது தீவுக்கு வருகிறேன். உங்கள் ஆசை எனக்கு அந்நியமில்லை. என் கணவரின் வேலை காரணமாக 2011லிருந்து மூன்று வருடம் நாங்கள் போர்ட் பிளேரில் குடியிருந்தோம். இப்போது அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஹேவ்லாக்கும் ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது. எனக்குப் பழைய பெயர்கள்தான் வாயில் வருகின்றன. ஜங்லிகாட்டில் மேட்டில் ஒரு வீடு. கீழே மீன் இறங்கும் ஜெட்டி. காலையில் சூரை மீனைக் கூடையோடு தூக்கி வரும் சத்தத்தில்தான் விழிப்பு வரும். அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான், அதனால் ஐந்து மணிக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்தரைக்கு விளக்குப் போட்டாக வேண்டும். முதல் மாதம் இந்த நேரக்கணக்கே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. எட்டு மணிக்குத் தூக்கம் வந்துவிடும், நாள் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கும்.

மார்ச் வந்தது. எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். சமையலறையில் ஒரு நீல டிரம், குளியலறையில் இரண்டு, வாசலில் ஒன்று. தண்ணீர் வரும் அந்த அரை மணி நேரத்தில் நான் வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டு ராமநாதபுரத்து அம்மா என் டிரம்மையும் சேர்த்து நிரப்பி வைப்பார். சுற்றிலும் கடல், வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை, ஆனாலும் கோடையில் இப்படித்தான். டூரிஸ்டாகப் போகிறவர் இதைப் பார்க்க வழியில்லை. ஹோட்டல் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

காய்கறியும் அப்படித்தான். நீல் தீவில் நிறைய விளைகிறது, ஆனாலும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பலில்தான் வர வேண்டும். ‘கப்பல் லேட்’ என்று அபர்டீன் பஜாரில் ஒருவர் சொன்னால் அடுத்த கடைக்குள் விலை ஏறியிருக்கும். அங்கே உள்ள தமிழர்கள் நம் பக்கத்தை ‘மெயின்லேண்ட்’ என்பார்கள். “மெயின்லேண்ட் போய்ட்டு வர்றேன்” என்று சொல்லும்போது, ஏதோ வெளிநாட்டுக்குப் போவது போல இருக்கும். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த இரண்டு மணி நேரத்தை நம்பித்தான் நானும் இருந்தேன். இரண்டாவது வருடம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குத் திருச்சியிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சுவலி. அன்றைய கடைசி விமானம் போய்விட்டிருந்தது. விடியும்வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு எனக்குக் கடல் முன்போல அழகாகத் தெரியவில்லை, நடுவில் நிற்கும் தூரமாகத் தெரிந்தது.

நீங்கள் போக நினைப்பது போர்ட் பிளேருக்குக்கூட இல்லை. அங்கிருந்து மேலும் ஒரு போட் ஏற வேண்டிய தீவுக்கு. ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. நெஞ்சுவலி அளவுக்குப் போனால் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காற்று வலுத்தால் போட்டை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வர வேண்டியிருந்தது. ஸ்டென்ட் வைத்த மாமியாரை எங்கே வைப்பீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. இதை உங்களைக் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. கனவில் அவர் நாத்தனார் வீட்டிலேயே இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் தெரிந்தும் அங்கே சந்தோஷமாக இருக்கிற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களை நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றினார்கள். 2004 சுனாமி அந்தத் தீவை எப்படி அடித்தது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்கப்புறமும் ‘எங்க ஊர்’ என்று நிக்கோபார்த் தீவுகளைச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தீவில் வாழவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய அந்த வாழ்க்கையைத்தான் நான் நம்பவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம், உங்கள் முழுக் கடிதம் ஏழு பக்கம். அதில் ராதாநகர் கடற்கரைக்கு மூன்று வரி. ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று 2004இல் டைம் பத்திரிகை எழுதிய இடம், அதற்கு மூன்று வரி. பவளப்பாறைக்கு ஒரு வரி. ஆனால் அந்த வீட்டுத் தீதி (வங்காளத்தில் அக்காவை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையில் கொண்டுவந்து வைத்த டீயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கதவைத் தட்டாமல், வராந்தா ஸ்டூலில் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் பொரியும் பச்சைமிளகாயும் வைத்துவிட்டுப் போவார் என்று. மூன்றாம் நாள் உங்களுக்கு இஞ்சி பிடிக்கும் என்று கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டிருந்தார் என்று. அந்த இடத்தில் உங்கள் பேனா மை கொஞ்சம் கலங்கியிருக்கிறது. நான் அந்த வரியை நாலு முறை படித்தேன்.

கோவையில் உங்களுக்கு யாராவது டீ போட்டுக் கொடுத்து எத்தனை வருடம் ஆகிறது?

அந்தத் தீதி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று யோசித்தீர்களா? முதல் போட்டுக்குப் போகிறவர்களுக்கு அவர் விடியும் முன்னே பூரி போட்டாக வேண்டும். நாலு அறை என்றால் எட்டுப் படுக்கை விரிப்பு. மழை மாதங்களில் அது காய மூன்று நாள் ஆகும், உப்புக்காற்றில் காய்ந்தாலும் பிசுபிசுக்கும். சாயங்காலம் போட் ரத்தானால் மூட்டையோடு திரும்பி வரும் ஆறு பேருக்குச் சோறு. ‘வைஃபை வரவில்லை’ என்று கோபிக்கிறவருக்குப் பதில். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு நிலைமை எவ்வளவோ தேவலை, ஆனாலும் கேள்வி வரும். சீசனில் அவர் அந்த வராந்தாவில் ஒரு நாளாவது உட்கார்ந்ததை நீங்கள் பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அவர் எப்போதும் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் இருக்கிறார்.

நீங்கள் ஆசைப்படுவது அந்த ஸ்டூலுக்கு இந்தப் பக்கம் உட்காருவதற்கு. திட்டம் போட்டிருப்பதோ அந்தப் பக்கம் போய் நிற்பதற்கு. பதினெட்டு வருடமாக மூன்று பேருக்குப் பார்க்கிறதை, அங்கே போய் முன்பின் தெரியாத எட்டுப் பேருக்குப் பார்ப்பீர்கள். அதற்கு நகையையும் வைப்பீர்கள். எனக்கு இது மனசுக்குக் கேட்கவில்லை.

ஓடிப்போகப் பார்க்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள். எவ்வளவு களைப்பு என்று ஹேவ்லாக்கில் தூங்கி எழுந்தபோதுதான் உங்களுக்கே தெரிந்தது. அதை உங்கள் கணவரிடம் சொல்லவில்லை, நிலம் வாங்கும் ஆசையாக மாற்றிச் சொன்னீர்கள். அவர் நிலத்தைக் கேட்டுச் சிரித்தார். களைப்பை அவர் இன்னும் கேட்கவே இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவாக இருக்குமே, மகளும் மாமியாரும் எழுந்திருக்கும் முன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எனக்கு எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். டீயைப் பற்றி மட்டும். பத்து சென்ட், ஹோம்ஸ்டே, அதன் பெயர் எதுவும் அன்றைக்கு வேண்டாம். காலை டீ இனி அவர் பொறுப்பு என்று கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், லேத்தில் நூலிழை பிசகாமல் பிடிக்கிற கைக்கு இஞ்சி தட்டத் தெரியாதா? இரவுச் சமையலில் வாரம் இரண்டு நாள் மகளுக்குக் கொடுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பெண் தோசை ஊற்றினால் படிப்பு கெட்டுவிடாது. மாமியாரை வருடத்துக்கு ஒரு மாதமாவது நாத்தனார் வைத்துக்கொள்ள முடியுமா என்பதை உங்கள் கணவர்தான் தங்கையிடம் பேச வேண்டும், நீங்கள் பேசக் கூடாது.

அப்புறம், தீவை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை வரும். அங்கே அப்போது மழை இருக்கும், கூட்டம் குறைவு, அறை வாடகையும் இறங்கியிருக்கும். நீங்களும் அவரும் மட்டும் போய் வாருங்கள். இந்த முறை சமையலறை உள்ள ஒரு அறையாகப் பாருங்கள். கடைக்குப் போய் நீங்களே காய் வாங்குங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசு போட்டில் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து போங்கள். போட் ஒரு நாள் ரத்தானால் நல்லதுதான், அந்த நாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிலம் பற்றி உண்மையாகவே தெரிய வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் வருவாய்த்துறை அலுவலகத்தில் நேரே போய்க் கேளுங்கள், அங்கே தமிழ் பேசுகிறவர் யாராவது இருப்பார். மணல் ஈ கடிக்கும், தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் தண்ணீரில் இறங்கவே கூடாது.

தீதியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மத்தியானம், அறைகள் காலியாக இருக்கும்போது. அவரை அந்த வராந்தாவில் உட்கார வைத்து நீங்கள் டீ போட்டுக் கொடுங்கள். வருமானம் எவ்வளவு, மழை மாதங்களில் என்ன செய்கிறார், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், ராத்திரி உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வார் என்று எல்லாம் கேளுங்கள். நான் சொன்னதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். அதன் பிறகும் ஆசை இருந்தால் மறுபடி எனக்கு எழுதுங்கள், மகள் பன்னிரண்டாவது முடித்த பிறகு என்ன செய்யலாம் என்று அப்போது கணக்குப் போடுவோம்.

குடை எடுத்துப் போகாதீர்கள், அந்தக் காற்றில் நிற்காது. இரண்டு ரெயின்கோட் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா