உச்சிப்புளியில் மீன் தொட்டிக்கு ஹீட்டர் தேவையா?

கேள்வி: அண்ணே, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உச்சிப்புளியில் இருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி வாங்கியிருக்கிறேன். நாலு கோல்டு பிஷ், கொஞ்சம் கப்பி மீன் விடலாம் என்று எண்ணம். 300 வாட்ஸ் ஹீட்டர் இல்லாமல் மீன் நிற்காது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கோல்டு பிஷ் குளிர்ந்த தண்ணீரில் வாழ்கிற மீன், அதற்கு எந்த ஊரிலும் வீட்டுக்குள் ஹீட்டர் தேவைப்படுவது அபூர்வம். நம் கரையில் மார்கழி ராத்திரியிலும் குளிர் 24 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், கப்பிக்கு அது தாராளம். (நாலு கோல்டு பிஷ் அந்தத் தொட்டிக்கு அதிகம், அதையும் யோசியுங்கள்.) முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஒரு வாரம் காலையிலும் ராத்திரியிலும் பார்த்து எழுதி வையுங்கள். மற்றதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

ஹீட்டர் யாருக்குத் தேவை என்றால், 28 முதல் 30 டிகிரி கேட்கிற டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்களுக்கு, அப்புறம் ஏசி அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. ராத்திரி முழுக்க ஏசி ஓடி, பகலில் நிறுத்தினால் தண்ணீரின் சூடு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மீன் சோர்ந்து வெள்ளைப்புள்ளி நோய் வரும்.

அப்படித் தேவைப்பட்டாலும் 300 வாட்ஸ் உங்கள் தொட்டிக்கு ஆபத்து. அதில் பிடிப்பது சுமார் 56 லிட்டர், லிட்டருக்கு ஒரு வாட்ஸ் என்று பார்த்தால் 50 வாட்ஸ் போதும். சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கிற தெர்மோஸ்டாட் பழுதாகி ஹீட்டர் அணையாமல் எரிந்தால், 300 வாட்ஸ் அந்தத் தண்ணீரை மணிக்கு 4 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும், நீங்கள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 50 வாட்ஸ் என்றால் மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாது, கவனித்து பிளக்கைப் பிடுங்க நேரம் கிடைக்கும்.

நம் ஊரில் மீன் சாவது பெரும்பாலும் சூட்டில்தான். சூடு கூடக்கூடத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் கரையும் என்றால் 32-ல் 7 சொச்சம்தான், அதே நேரத்தில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. அதனால் அந்தக் காசில் நல்ல ஏர் பம்ப் வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் மூடியைத் திறந்து வலை போட்டு, தண்ணீர் மேல் படும்படி சின்ன ஃபேன் வையுங்கள். கடற்காற்றின் ஈரத்தால், கடலைவிட்டுத் தள்ளி இருக்கிற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்கிற அளவு சூடு இங்கே இறங்காது, ஆனாலும் ஒன்றிரண்டு டிகிரி கிடைத்தால் லாபம்தான். ஐஸ் கட்டியை நேராகக் கொட்டாதீர்கள்.

கேள்வி: ஏர்வாடியிலிருந்து எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ஹீட்டர் 26-ல் வைத்தும் அணையவே இல்லை. ஏஞ்சல் மீன் எல்லாம் போய்விட்டது. விற்றவர் பதிலே சொல்வதில்லை.

பதில்: மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது அக்கா, ஆசையாக வளர்த்திருப்பீர்கள். ஹீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டு, 26 தாண்டியும் எரிவதை வீடியோ எடுங்கள், அப்போது கையைத் தண்ணீரில் வைக்க வேண்டாம். பில், ஆர்டர் விவரம், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஹீட்டர் வாங்கினால் பில்லோடு வாங்கி, தொட்டியில் போடுவதற்கு முன் ஒரு நாள் வாளியில் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் மாற்றும்போது பிளக்கை எடுத்துவிட்டு கால் மணி நேரம் பொறுங்கள், சூட்டோடு வெளியே வந்தால் கண்ணாடிக் குழாய் வெடித்துவிடும். உப்புக்காற்றில் பிளக் பின் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை துடையுங்கள்.