திறப்பைக் கொடுக்குமுன் கடிதத்தை வாங்குங்கள்

திருகோணமலை நகரில், அரச தொடர்மாடி ஒன்றின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீடு அப்பாவின் பெயரில் கிடைத்தது, அவர் இறந்து ஏழு வருடமாகிறது. இப்போது அம்மாவும் இவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். கட்டடத்தைத் திருத்தப் போகிறோம், ஆறு மாதத்துக்கு எழும்பிக் கொடுங்கள் என்று அலுவலகத்தார் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போனால் திரும்ப விடுவார்களா, வாடகை கூடுமா, திரும்பி வருகிறவர்களின் பட்டியலில் பெயர் போடுவதற்கு ஒருவர் ஐம்பதாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

கொடுக்க வேண்டாம் தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். திருத்த வேலை என்ற கதை வெளியே வந்த அடுத்த நாளே இந்தத் தரகர்மார் படியேறி வந்துவிடுவார்கள், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எனக்கு ஆள் இருக்கிறது என்பார்கள், போனில் ஏதோ ஒரு பெயர்ப் பட்டியலின் படத்தைக் காட்டுவார்கள். முப்பது வருடம் வீடமைப்பு வேலையில் இருந்தவன் சொல்கிறேன், குடியிருப்பாளர் விபரம் அலுவலகக் கோப்பில் இருக்கும், அதில் பெயர் இருக்கக் காசு இல்லை. அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய காசு என்றால் கருமபீடத்தில் கட்டி ரசீது வாங்குவீர்கள், ரசீது தராதவன் கேட்கும் காசு லஞ்சம். கொடுத்தவரும் சட்டத்தில் குற்றவாளிதான் என்பதால் ஏமாந்தபிறகு முறைப்பாடு செய்யவும் பயப்படுவீர்கள், அவர்களுக்கும் அது தெரியும். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, அதற்கு இப்போதே எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, உண்மையிலேயே எழும்பத்தான் வேண்டுமா? வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது போன்றவற்றுக்குத் தேவையில்லை, கஷ்டப்பட்டு உள்ளேயே இருந்துவிடலாம். ஆனால் நம்முடைய ஊர்க் கட்டடங்களின் வருத்தம் வேறு, அது கடற்காற்றின் உப்பு. உங்கள் வீட்டுக் கூரைத்தட்டை நிமிர்ந்து பாருங்கள், பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடும், அந்தக் கோட்டின் வழியே பூச்சு வீங்கியிருக்கும், தும்புத்தடிக் கம்பால் தட்டினால் உள்ளே வெறுமையாக டொக்கென்று கேட்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பெருத்துக் கொங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அதைத் திருத்துவதென்றால் உடைத்தெடுத்து, கம்பியைச் சுரண்டித் துருத்தடுப்புப் பூசி, புதிதாகக் கொங்கிரீட் வைக்க வேண்டும். அதுவரை மேல்தட்டைத் தாங்கும் முட்டுக்கம்பங்கள் உங்கள் விறாந்தையில்தான் நிற்கும், அப்படி வேலை நடக்கிற வீட்டில் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்திருக்கக் கூடாது. மேலே மட்டும் சீமெந்து பூசி மறைப்பதென்றால் உங்களை எழுப்பக் காரணமே இல்லை, இரண்டு மழைக்குள் அது மறுபடி விழும். ஆகவே என்ன வேலை என்று எழுத்தில் கேளுங்கள்.

எழுத்து என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரச காணியிலும் வீட்டிலும் இருப்பவர்களை எழுப்ப 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று உண்டு. குறைந்தது முப்பது நாள் அறிவித்தல் கொடுப்பார்கள், எழும்பாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார்கள், அங்கே நீங்கள் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரமோ மட்டும்தான். எத்தனை வருடம் இருந்தோம், யார் என்ன வாக்குத் தந்தார்கள் என்பதை நீதவான் அந்த வழக்கில் பார்க்க மாட்டார். ஒரு பெரியவர் திருத்த வேலைக்கென்று திறப்பைக் கொடுத்துவிட்டு மகளின் வீட்டுக்குப் போனார். எட்டு மாதம் கழித்து வந்தபோது கதவில் புதுப் பூட்டு, உள்ளே வேறு குடும்பம். பத்து வருட லைட் பில்லையும் தண்ணீர் பில்லையும் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அதில் ஒரு துண்டாவது இவருக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு என்று சொல்லவில்லை. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே திறப்பைக் கொடுக்குமுன் உங்கள் கையில் இருக்க வேண்டிய கடிதத்தில் வீட்டு இலக்கம், உங்கள் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும், வேலை தொடங்கும் முடியும் திகதி, இதே வீட்டுக்கே திரும்ப விடப்படுவீர்கள் என்ற வசனம், வெளியே இருக்கும் மாதங்களுக்கு வாடகை அறவிடப்படுமா, திரும்பி வந்தபின் வாடகை எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். வாடகைக் கேள்விக்கு அந்தக் கடிதம்தான் பதில், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிங்களத்தில் மட்டும் ஒரு படிவத்தை நீட்டி இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றால் போடாதீர்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் கேட்பது உங்கள் உரிமை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதைச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் கோபம் வருகிறது. கடிதம் தர இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வீட்டை நிர்வகிக்கும் அரச நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பம் கொடுங்கள், பதினான்கு வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டுக் கடிதம் இறந்த அப்பாவின் பெயரில் இருக்கிறது. ஏழு வருடமாக வாடகை வாங்கினார்களே என்பீர்கள், வாங்கினார்கள், ஆனால் ரசீதில் அப்பாவின் பெயர்தானே. உள்ளே இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள், வெளியே போய்த் திரும்பும்போதுதான் நீங்கள் யார் என்று கேட்பார்கள். ஆகவே பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் விவாகச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் வதிவிடச் சான்று, வாக்காளர் இடாப்புப் பிரதி எல்லாம் எடுங்கள். சகோதரர்கள் இருந்தால் ஆட்சேபனை இல்லை என்று சத்தியக்கடதாசி வாங்குங்கள், வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். என் அபிப்பிராயம், அம்மாவின் பெயருக்குக் கேளுங்கள், உங்கள் பெயருக்கு என்றால் அண்ணன் தம்பி இடையில் கதை வரும், கோப்பு அங்கேயே படுத்துவிடும். முடிவு வராவிட்டாலும் பரவாயில்லை, விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வையுங்கள். முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆறு மாதம் என்கிறார்களே, எந்த மாதத்தில் தொடக்கம் என்று கேட்டீர்களா? நவம்பரிலிருந்து தை வரை இங்கே மழை, வெளிவேலை நின்றுவிடும். புரட்டாசியில் தொடங்கினால் பங்குனியில் முடியாது, வாடகை வீட்டை அதற்கேற்பப் பேசுங்கள்.

போகிற அன்று ஒவ்வொரு அறையையும், நீங்கள் போட்ட கிரில், டைல் எல்லாவற்றையும் படம் எடுங்கள். மின்மானி வாசிப்பையும் எடுத்துவிட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போங்கள். கொந்தராத்துக்காரரின் ஆட்கள் உங்கள் வயரிலிருந்து எடுத்து வெல்டிங் செய்தால் அலகு கூடக் கூட விலையும் கூடும், அந்த பில் உங்கள் கணக்குக்குத்தான் வரும். கிராம சேவகருக்கும் இது தற்காலிக இடமாற்றம் என்று எழுதிக் கொடுங்கள், வாக்காளர் இடாப்பில் பெயர் விடுபட்டால் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது வதிவிடம் காட்டக் கஷ்டப்படுவீர்கள்.

இதற்கிடையில் வெளியேறல் அறிவித்தல் கையில் வந்துவிட்டால் என்னைக் கேட்டுக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அதை எடுத்துக்கொண்டு திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்குப் போங்கள். அறிவித்தல் வந்த தபால் உறையையும் எறியாமல் கொண்டு போங்கள், அதில்தான் திகதி இருக்கிறது.