குளிர்காலம் கழிந்து குச்சியாக நிற்கும் ஃபியூஷியாவை எப்போது, எவ்வளவு வெட்டுவது?

இங்கிலாந்தில் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் சென்ற கோடையில் நட்ட ஃபியூஷியா என்ற பூச்செடி, இப்போது மார்ச் மாதத்தில் ஓர் இலைகூட இல்லாமல் பழுப்புக் குச்சிகளாக நிற்கிறது என்றும், அது பட்டுப்போய்விட்டதா, வெட்டினால் பிழைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது பட்டுப்போயிருக்காது. வெட்டத்தான் வேண்டும், ஆனால் இன்று வேண்டாம். சர்ரேயில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக இச்செடியை வளர்த்து வருகிறேன். முதல் சில ஆண்டுகளில் நான் தொலைத்த செடிகளில் பாதி குளிரால் போனவை அல்ல, என் அவசரத்தால் போனவை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தென் சிலியிலிருந்தும் அர்ஜென்டினாவிலிருந்தும் தியெரா டெல் ஃபுவேகோ வரை இயற்கையாக வளரும் மெகெல்லானிக்கா இனமும், அதன் வழிவந்த 'ரிக்கார்டோனி', 'மிசஸ் பாப்பில்', வெண்பூப் பூக்கும் 'ஹாக்ஸ்ஹெட்', முழங்காலுக்கும் எட்டாத 'டாம் தம்' போன்றவையும் வெளியில் மண்ணிலேயே குளிர்காலத்தைக் கடந்துவிடும். மேலே உள்ள குச்சிகள் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் தூர் உயிரோடு இருக்கும். தொங்கும் கூடைகளில் பெரிய அடுக்குப் பூக்களோடு ஜிமிக்கி போல ஆடும் வகைகளில் பல அப்படி அல்ல, உறைபனியில் வேரோடு போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பிளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி 1703-இல் வெளியிட்ட நூலில், 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் நினைவாக ஃபியூஷியா என்று முதன்முதலில் பெயரிட்ட செடி, கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலாத் தீவில் அவர் கண்ட திரிஃபில்லா. குளிரைச் சற்றும் தாங்காத இனம் அது. ஆகவே கடைச்சீட்டில் 'ஹார்டி' (hardy, குளிர் தாங்குவது) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒரு சொல்லைப் பொறுத்துத்தான் செடிக்கு இனிச் செய்ய வேண்டியது மாறும்.

வெளியில் நிற்கும் ஹார்டி வகை என்றே வைத்துக்கொள்கிறேன். இதை இலையுதிர்காலத்தில் கவாத்து செய்யக் கூடாது. நான் செய்திருக்கிறேன்: தோட்டம் துப்புரவாக இருக்கட்டும் என்று ஓர் அக்டோபரில் மூன்று செடிகளையும் தரையோடு வெட்டினேன், நவம்பர் இளஞ்சூடாக இருந்ததால் அவை துளிர்த்தன, டிசம்பர் உறைபனியில் அந்தத் துளிர்கள் கருகின, அடுத்த கோடையில் ஒன்றுதான் மிஞ்சியது. பார்ப்பதற்கு அழகில்லாத அந்தப் பழைய குச்சிகள் செடிக்குப் போர்வை. பனி மேலிருந்து கீழாகத்தான் குச்சியைக் கொல்லும், உதிர்ந்த இலைகளும் அவற்றுக்கிடையே தங்கித் தூரை மூடிக்கொள்ளும். அடிப்பகுதியில் இலைமக்கையோ மரப்பட்டைத் துண்டுகளையோ ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்காகப் போட்டு, வசந்தம் வரை விட்டுவிடுவதே நல்லது.

வெட்டும் நாளை நாட்காட்டி சொல்வதைவிடச் செடி சொல்வதே சரியாக இருக்கும். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, கடுமையான உறைபனி ஓய்ந்த பின், குச்சிகளின் அடிக்கணுக்களில் ஊசிமுனை அளவில் சிவந்த மொட்டுகள் தெரியும், அல்லது தூரைச் சுற்றி மண்ணைப் பிளந்துகொண்டு புதிய போத்துகள் எட்டிப்பார்க்கும். அதுவரை ஐயம் இருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக, காய்ந்து இருந்தால் இன்னும் கீழே போய்ச் சுரண்டுங்கள். தரைவரை பழுப்பாகவே இருந்தாலும் பிடுங்கிவிடாதீர்கள். 2022 டிசம்பர் நடுவில் நாடு முழுவதும் உறைந்ததே, அதற்கு அடுத்த ஏப்ரல் முடியும்வரை எங்கள் 'மிசஸ் பாப்பில்' ஒரு துளிர்கூட விடவில்லை; அந்த இடத்தில் ரோஜா வைக்கலாம் என்று மண்வெட்டியை இறக்கிப் புரட்டினால், கீழே விரல் நீளத்துக்கு வெளுத்த முளைகள் நான்கு மேலே வரும் வழியில் இருந்தன. அதை அப்படியே திரும்பப் புதைத்தேன், செப்டம்பரில் பூத்தது. ஜூன் நடுப்பகுதிக்கு முன்னால் எந்த ஹார்டி ஃபியூஷியாவுக்கும் நான் இப்போது இறப்புச் சான்றிதழ் எழுதுவதில்லை.

மொட்டு தெரிந்த பின் எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் பலருக்கும் கை நடுங்குகிறது. ஃபியூஷியா அந்தந்த ஆண்டில் விடும் புதுக்கிளைகளில்தான் பூக்கும். எனவே பழைய குச்சியைக் காப்பாற்றி வைப்பதால் பூ கூடுவதில்லை, உயரத்தில் நாலு இலையும் அடியில் வெற்றுக் கால்களுமாகச் செடி ஒழுங்கற்றுப் போவதுதான் மிச்சம். கூர்மையான, துடைத்துச் சுத்தம் செய்த கத்தரியால், கீழேயுள்ள வலுவான மொட்டு இணைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மேல்பகுதி முழுதும் செத்திருந்தால் தரையோடு எடுத்துவிடுங்கள். மெலிந்தவற்றையும் ஒன்றோடொன்று உரசுபவற்றையும் முழுவதுமாக நீக்கலாம். இதற்கு விலக்கு, உறைபனி அரிதான கடலோரப் பகுதிகள். அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில் சாலையின் இருபுறமும் ஃபியூஷியா ஆளுயரத்துக்கு மேல் வேலியாக நிற்கிறது, ஐரிஷ் மொழியில் அதற்குக் 'கடவுளின் கண்ணீர்' என்று பொருள்படும் பெயரும் உண்டு. குச்சி சாகாத அத்தகைய இடங்களில் நுனிகளைச் சீராக்கினால் போதும்.

வெட்டிய பின் தூரைச் சுற்றி மட்கிய எருவை இட்டு, மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செடியைக் கடைத் தொட்டியில் இருந்த மட்டத்திலேயே நட்டிருந்தால், இந்த வசந்தத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழமாக மாற்றி நடுவது அடுத்த குளிர்காலத்துக்கான காப்பீடு.

தொட்டியில் வைத்துப் பசுமைக்குடிலிலோ கராஜிலோ குளிர்காலத்தைக் கழித்த மென்மையான வகைகளுக்குச் சற்று முன்னதாகவே, பிப்ரவரி கடைசியில், வேலை தொடங்கலாம். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணுக்களை மட்டும் விட்டு வெட்டி, பழைய மண்ணை உதறி, வேர்க்கட்டைச் சுருக்கி, முன்பிருந்ததைவிடச் சிறிய தொட்டியில் புது மண்கலவையோடு வைத்து, வெளிச்சமான இடத்துக்குக் கொண்டுவந்து குச்சிகளின்மேல் தண்ணீரைத் தெளியுங்கள். துளிர்க்கும்வரை மண் வெறும் ஈரப்பதத்தில் இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தாகத்தால் சாகும் செடியைவிட நீர் மிகுந்து அழுகும் செடியே அதிகம். மண்ணை உதறும்போது சி எழுத்துப் போல வளைந்த, பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் கிடைத்தால் அவை கூன்வண்டின் புழுக்கள். குளிர்காலம் முழுதும் வேரைத் தின்றுவிட்டு, பனியின் மேல் பழியைப் போட்டுவிடுபவை அவை. பொறுக்கி அழித்துவிட்டு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில் அப்புழுக்களைக் கொல்லும் நூற்புழுக்கள் கொண்ட கரைசலைத் தண்ணீரோடு மண்ணில் ஊற்றுங்கள்.

மே, ஜூனில் துளிர்கள் சிவந்து தடித்து, கொத்தாகச் சுருண்டு வந்தால் அதை உரக்குறை என்று எண்ணிவிடாதீர்கள். 2007-இல் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கணுக்கழலைச் சிலந்திப்பேனின் வேலை அது. கண்ணுக்குத் தெரியாது, வீட்டுத் தோட்டத்தில் அதற்குப் பயன்தரும் மருந்தும் இல்லை. பாதித்த நுனிக்கு வெகு கீழே வெட்டி, எரிக்கவோ புதைக்கவோ வேண்டும், மட்குக் குழியில் போடக் கூடாது.

கடைசியாக, நுனி கிள்ளுவது. புதுக்கிளையில் மூன்று ஜோடி இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளைகள் பிரியும், ஒவ்வொன்றும் பூக்கும். தரையில் நிற்கும் பெரிய புதருக்கு இது தேவையில்லை, தொட்டிச் செடிக்குச் செய்தே ஆக வேண்டும். ஆனால் கிள்ளிய நாளிலிருந்து ஒற்றைப் பூ வகைகள் பூக்க ஏறத்தாழ எட்டு வாரமும், அடுக்குப் பூ வகைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். எங்கள் வீட்டில் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு பிறந்தநாள் வருவதால், ஜூன் தொடங்கியதும் தொட்டிப் பக்கம் நான் விரலைக் கொண்டுபோவதே இல்லை.