1,690 சதவீத டிவிடெண்ட் என்றால் கையில் எவ்வளவு வரும்?

கேள்வி: பங்குச் சந்தைச் செய்திகளை இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். எம்.ஆர்.எஃப். 1,690 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்ததாக ஒரு பழைய செய்தியில் இருந்தது. போட்ட பணத்தைப் போல 17 மடங்கா கிடைக்கும்? அந்தப் பங்கு ஒரு லட்சம் ரூபாயாம், அதற்கு நூறு ரூபாய்ப் பங்கு வாங்கினால் மலிவுதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கிடைக்காதுங்க. டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகையின் சதவீதத்தை, நீங்கள் வாங்கிய விலைக்குக் கணக்குப் போடுவதில்லை, முகமதிப்புக்குத்தான் (பங்குக்குக் கம்பெனி கணக்கில் வைத்திருக்கும் அடிப்படை மதிப்பு, சந்தை விலை அல்ல) போடுவார்கள். எம்.ஆர்.எஃப். பங்கின் முகமதிப்பு 10 ரூபாய், அதில் 1,690 சதவீதம் என்றால் 169 ரூபாய். 2022-23 நிதியாண்டுக்கு அறிவித்த இறுதி டிவிடெண்ட் அதுதான். 2023 ஜூனில் அந்தப் பங்கு முதன்முதலாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்கியவருக்கு 169 ரூபாய் என்பது வெறும் 0.17 சதவீதம். இதற்குப் பெயர் டிவிடெண்ட் யீல்டு, நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். முகமதிப்பைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தலைப்பில் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

சரி, மலிவு விஷயத்துக்கு வருவோம். எம்.ஆர்.எஃப். பங்குகள் மொத்தமே சுமார் 42 லட்சம்தான், ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாகப் பிரிக்காமலே வைத்திருப்பதால் ஒவ்வொன்றின் விலையும் அப்படி நிற்கிறது. ஒரு லட்சத்தால் பெருக்கினால் கம்பெனியின் சந்தை மதிப்பு சுமார் 42,000 கோடி ரூபாய். அதே ஜூனில் இந்தியன் ஆயில் பங்கு நூறு ரூபாய்க்கும் கீழே, முகமதிப்பு அதற்கும் 10 ரூபாய்தான், ஆனால் பங்குகள் 1,412 கோடி! பெருக்கிப் பாருங்கள், ஒன்றேகால் லட்சம் கோடியைத் தாண்டும். நூறு ரூபாய்ப் பங்குக்காரர்தான் மூன்று மடங்கு பெரிய ஆள்.

அப்போ மலிவா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? லாபத்தைப் பாருங்கள். நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது இ.பி.எஸ்., எம்.ஆர்.எஃப்.புக்கு 2022-23 நிதியாண்டில் சுமார் 1,800 ரூபாய். பங்கு விலையை அதால் வகுத்தால் பி.இ. விகிதம், ஏறக்குறைய 55. அதாவது கம்பெனி வருடத்துக்கு ஒரு ரூபாய் சம்பாதிக்க, நீங்கள் 55 ரூபாய் கொடுத்து அதை வாங்குகிறீர்கள். இந்த 55 அதிகமா என்பதை எண்ணெய்க் கம்பெனியோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது, அப்பல்லோ, சியட் மாதிரி மற்ற டயர் கம்பெனிகளின் பி.இ.யை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.