லாரி பேட்டரில இருந்து குட்டியானைக்கு ஜம்ப் குடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, காசிமேட்டுல மீன் லோடு அடிக்கிறேன், குட்டியானை, அதான் டாடா ஏஸ் மினி லாரி. ரெண்டு நாள் நிறுத்திட்டா செல்ஃப் எடுக்கல, டக் டக்னு சத்தம் மட்டும் வருது. பக்கத்துல நிக்கிற கன்டெய்னர் லாரி டிரைவரு ஒயர் குடுக்குறேன்றாரு. வாங்கிக்கலாமா?

பதில்: வேணாம்பா. அந்த மாதிரி பெரிய லாரில ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய சேத்து 24 வோல்ட்டா ஓட்டுவாங்க, உன் வண்டி 12 தான், குடுத்தா ஒயரிங் போவும், பேட்டரியே வெடிச்சாலும் வெடிக்கும். வேற 12 வோல்ட் வண்டி எதுனா கூப்டு. ரெண்டும் முட்டிக்காம நிறுத்தி, சாவி ஆஃப், லைட்டு ஆஃப். சிவப்பு ஒயர் மொதல்ல உன் பிளஸ்ல, அப்புறம் அந்த வண்டி பிளஸ்ல, கருப்பு அந்த வண்டி மைனஸ்ல. கடைசி கருப்பு முனைலதான் முக்காவாசி பேரு சொதப்புறாங்க, நேரா டவுனான பேட்டரி மைனஸ்லயே மாட்டிடுறாங்க. மாட்டும்போது பொறி வரும், பேட்டரில இருந்து கிளம்புற ஹைட்ரஜன் காத்துல 4 சதவீதம் இருந்தாலே பத்திக்கும், ஆசிட்டு மூஞ்சில தெறிச்சா கண்ணு போச்சு. அதனால பேட்டரிய விட்டு தள்ளி, உன் வண்டியோட பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்புல மாட்டு. அவுங்க வண்டிய ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு உன் சாவிய திருப்பு. கழட்டுறது அப்டியே ரிவர்ஸ்ல. பீடி அப்புறம் புடிச்சிக்கலாம்.

ஆனா தினம் ஜம்ப் குடுத்துனே இருக்க முடியாதுல்ல, வோல்ட் பாக்குற மீட்டர் ஒண்ணு வச்சி பாரு. ராத்திரி நின்ன வண்டில 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், 12க்கு வந்துட்டா காலி. இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் காட்டலன்னா, பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோ அத சுத்துற பெல்ட்டோ போயிருக்கும். அதுவும் சரியா இருந்தா, நீ மாட்டிவச்ச பாட்டு செட்டு மேலதான் எனக்கு டவுட்டு.

கேள்வி: திருவொற்றியூர்ல கடலுக்குப் பக்கத்துல வீடு சார். வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு, கார் மாசக்கணக்கா நிக்குது. டெர்மினல்ல வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கு. சார்ஜர் வாங்கி நானே போடலாமா?

பதில்: தாராளமா போடலாம் சிஸ்டர். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்குங்க, மைனஸ மொதல்ல கழட்டுங்க, மாட்டும்போது அது கடைசி. பூத்தத ஆப்பசோடா கரைச்ச தண்ணில பிரஷ் போட்டு தேய்ங்க, மூடி வழியா உள்ள மட்டும் போயிடக்கூடாது. காஞ்சதும் மாட்டிட்டு மேல வேசலின் தடவுங்க, உப்புக்காத்துக்கு நல்லது. தண்ணி ஊத்துற டைப்னா டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், மெட்ரோ வாட்டரும் வேணாம் ஆர்ஓ கேனும் வேணாம், ஆசிட் ஊத்துங்கன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. 35 ஏஎச் (பேட்டரியோட கொள்ளளவு, ஆம்பியர்-ஹவர்) பேட்டரின்னா மூணரை ஆம்பியர்ல மெதுவா ஏத்துங்க. கிச்சன்லயோ பூஜை விளக்கு பக்கமோ வேணாம், காத்தோட்டமா வராண்டால வைங்க, கிளிப்ப மாட்டவும் எடுக்கவும் முன்னாடி சார்ஜர் சுவிட்ச ஆஃப் பண்ணிடணும். பேட்டரி உப்பியிருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ சார்ஜே போடாதீங்க, கடைல குடுத்துட்டு புதுசு வாங்கிடுங்க, பழசுக்கு விலை கழிச்சிப்பாங்க.